பத்துக்கு எத்தனை

வரைபடம் திரையில் வந்ததும், நான் இரண்டு பக்கங்களையும் மாற்றிப் போட்டுவிட்டேனோ என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. இடப்பக்கம் செப்டெம்பர், வலப்பக்கம் மார்ச். இடப்பக்கத்துத் தூண் எட்டைத் தாண்டி நின்றது. வலப்பக்கத்துத் தூண் ஆறைக்கூட எட்டவில்லை. ஆறு மாதமாக நாங்கள் முதியவர்களை வான் வண்டியில் ஏற்றிவந்து, தேநீர் கொடுத்து, பாட்டுப் போட்டு, கைகால் அசைக்கப் பழக்கி, கரம்போர்ட் விளையாட விட்டு, அவர்களுடைய மனநிலையை நன்றாகக் கெடுத்து அனுப்பியிருக்கிறோம் என்று அந்தப் படம் சொன்னது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

நான் வேலை செய்வது கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சிறிய சமூக சேவை நிலையத்தில். பிளாஸா ஒன்றின் மேல்மாடி. கீழே கொத்துரொட்டிக் கடை. மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் கோப்புகள்கூட வதக்கிய வெங்காய வாசம் அடிக்கும். எங்கள் வேலைகளில் ஒன்று புதன் கூட்டம். தமிழ் முதியவர்களை வீட்டு வாசலில் வைத்து ஏற்றி, பக்கத்து வீதி மண்டபத்துக்குக் கொண்டுவந்து, பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் விடுவோம். கேட்பவருக்கு இது ஒரு பெரிய காரியமாகத் தெரியாது. ஆனால் மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் போன பிறகு, பனி மூடிய தெருவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, கிழமையின் ஏழு நாளில் வெளியே போகக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

கூட்டத்துக்கு உதவித்தொகை தருகிறவர்கள் அறிக்கை கேட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கு இதனால் நன்மை உண்டா, இல்லையா? இல்லையென்றால் கோடையோடு வான் நிற்கும். வான் நின்றால் அம்மா புதன்கிழமையும் அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு யன்னலோடுதான் இருக்கவேண்டும். அறிக்கைக்குக் கடைசி நாள் வரப்போகிற செவ்வாய். அன்றைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்.

இந்த அறிக்கை ஏன் என் தலையில் விழுந்தது என்றால், எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. ஒருநாள் எங்கள் மனேஜர், எண்கள் யாருக்குப் பிடிக்கும் என்று பொதுவாகக் கேட்டார். உயர்தரத்தில் கணிதம் படித்தவள் என்று நான் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த கிழமை இணைய வகுப்பு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். வேலையால் வந்து, சமைத்து, அடுப்பைத் துடைத்த கையோடு உட்கார்ந்து, இலவசமாகக் கிடைக்கிற ஒரு புள்ளிவிபர மென்பொருளைப் பழகினேன். யாழ்ப்பாணத்தில் பாடமாக்கிய சங்கதிகள்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் வருவது சராசரி. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பிடித்தால் அது இடையம். அங்கே அதைக் கொப்பியில் செய்தோம். இங்கே ஒரு வரி கட்டளை எழுதினால் அது செய்து தருகிறது. ஒரு காற்புள்ளி தவறினால் சிவப்பு எழுத்தில் ஏசவும் செய்கிறது. எனக்கு வீட்டிலும் வெளியிலும் ஏச்சுக் குறைவில்லை என்பதால் அது பெரிதாக உறைக்கவில்லை.

தரவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பத்தொன்பது பேர். ஒவ்வொருவரிடமும் இரண்டு தரம் ஒரே கேள்வி: உங்கள் இப்போதைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்? செப்டெம்பரில் சேரும்போது ஒரு தரம், மார்ச்சில் ஒரு தரம். கேட்டவர் எங்கள் நிலையத்தின் சமூகப் பணியாளர். இங்கேயே பிறந்த பெண், முப்பது வயதைத் தாண்டியவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். அவரே கேட்டு, அவரே பெயர்களை எடுத்துவிட்டு, எண்களையும் மற்ற விபரங்களையும் ஓர் அட்டவணையாக எனக்கு அனுப்பினார்.

அந்த அட்டவணையைத் துப்புரவாக்கவே அரை நாள் போனது. எங்கள் ஆட்களிடம் எண் கேட்டால் எண் வருமா? ஒரு கட்டத்தில் "எட்டு, எட்டரை" என்று இருந்தது. இன்னொன்றில் "முருகன் புண்ணியத்தில் குறைவில்லை". ஒருவர் பத்துக்கு நூறு கொடுத்திருந்தார். நல்ல மனம். ஆனால் அந்த ஒரு நூற்றினால் மொத்தச் சராசரியே எம்பி நின்றது. ஒரு கட்டம் வெறுமையாக இருந்ததால் மென்பொருள் சராசரி சொல்லவே மாட்டேன் என்று நின்றது. வெறுமையை விட்டுவிட்டுக் கணக்குப் பார் என்று தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண்ணைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, கடைசியில் சுத்தமான பத்தொன்பது வரிகள் கிடைத்தன. அவற்றிலிருந்து வந்ததுதான் அந்தப் படம்.

மனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். தமிழ் தெரியாதவர், நல்ல மனுசி, என்னைப் போலவே களைத்தவர். இரண்டு தூண்களையும் விரலால் அளந்தார். பிறகு, எண் என்ன சொல்கிறதோ அதைத்தான் அனுப்பவேண்டும், அதை ஒளிக்க முடியாது என்றார். பிழை ஏதாவது இருந்தால் செவ்வாய்க்கு முன்னால் கண்டுபிடி என்றும் சொன்னார். சரி என்றேன். வெளியே வந்து காரில் பனி சுரண்டும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எண்ணுக்காக இல்லை. சனியும் ஞாயிறும் போய்விட்டதே என்பதற்காக. அவ்வளவு களைப்பு.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்தேன். அம்மா எதிரே இருந்து லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கும் வேலையே?"

"ஓமம்மா. கொஞ்சம் கிடக்கு."

"உது என்ன, கீறு கீறெண்டு கிடக்கு?"

அப்போது நான் தூண்களை விட்டுவிட்டு வேறு விதமாக வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சராசரியில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அது நன்றாகச் செய்யும். அதனால் ஒவ்வொருவருக்கும் செப்டெம்பரில் ஒரு புள்ளி, மார்ச்சில் ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்து ஒரு கோடு என்று போட்டேன். பத்தொன்பது கோடுகள். பெரும்பாலானவை மேலிருந்து கீழே சரிந்தன. சில கோடுகள் மட்டும் கீழிருந்து மேலே ஏறின.

"கூட்டத்துக்கு வாற ஆக்களின்ர கணக்கு," என்றேன்.

"ஓ," என்றார் அம்மா. லீக்ஸை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

ஏறியவர்கள் யார்? அட்டவணையில் பெயர் இல்லாவிட்டாலும் வயது இருந்தது, இருப்பிடம் இருந்தது, யாரோடு இருக்கிறார் என்று ஒரு நிரல் இருந்தது. அந்த நிரலுக்கு நிறம் கொடுக்கச் சொன்னேன். தனியாக இருப்பவர்களுக்கு நீலம், பிள்ளைகளோடு இருப்பவர்களுக்குச் செம்மஞ்சள். படம் வந்தது. ஏறிய ஐந்து கோடுகளும் நீலம். சரிந்தவை எல்லாம் செம்மஞ்சள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

எனக்கு விளங்கவில்லை. முதியோர் குடியிருப்பில் தன்னந்தனியாக இருப்பவர்களுக்குக் கூட்டம் நன்மை செய்கிறது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் இருப்பவர்களை அதே கூட்டம் கெடுக்கிறதா? அதே தேநீர், அதே பாட்டு. செப்டெம்பர் எண்களைத் திரும்பப் பார்த்தேன். செம்மஞ்சள் ஆட்கள் எல்லோருக்கும் ஒன்பது, பத்து, ஒன்பது, பத்து. நீல ஆட்களுக்கு நாலு, ஐந்து. இந்த ஊரில் ஒரு குளிர்காலத்தையாவது வீட்டுக்குள் இருந்து கழித்த ஒருவர், அதுவும் முழங்கால் வலியோடு, பத்துக்குப் பத்து கொடுப்பாரா? சமூகப் பணியாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"முதல் தரம் எல்லாரையும் எங்க வைச்சுக் கேட்டனீங்கள்?"

"ஃபர்ஸ்ட் டைம் எல்லாம் ஹோம் விசிட் தானே அக்கா. சேர்க்கிற ஃபோர்ம் நிரப்பப் போகேக்கை அதையும் கேட்டனான்."

"அப்ப பக்கத்தில ஆர் இருந்தது?"

"எல்லாரும்தான். தமிழ் வீடு அக்கா! வயசுபோன ஆளோட தனியக் கதைக்க விடுவினமே? ஒரு அன்ரி வாய் திறக்க முந்தியே மருமகள் ரீயும் கொண்டு வந்து பக்கத்தில இருந்திட்டா. எழும்பிப் போங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? தட்ஸ் ஸோ ரூட்."

"அவை என்ன சொன்னவை?"

"ஒரு அங்கிள் மகனின்ர முகத்தைப் பாத்தார். பாத்துப்போட்டு, பத்துப் போடு பிள்ளை, இவன் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை எண்டார். ஐ ஜஸ்ட் ரோட் டென்."

"இரண்டாந் தரம்?"

"அது ஹோலில. மூலையில ஒரு மேசை போட்டு, ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு. ஒருத்தரும் பக்கத்தில இல்லை." பிறகு, "ஓ மை கோட், அக்கா," என்றார்.

நாங்கள் மனநிலையைக் கேட்டோம். அவர்கள் வீட்டுக்குப் புள்ளி போட்டார்கள். வெளியாள் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? மருமகள் கொண்டுவந்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு என்று சொன்னால் அடுத்த தேநீர் எப்படி வரும்? தனியாக இருந்த ஐந்து பேருக்கும் புள்ளி போட வீடு இல்லை. அதனால் அவர்கள் முதல் நாளே உள்ளதைச் சொன்னார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது. ஆனால் எங்கள் வீடுகளில் வளர்ந்த எனக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கவேண்டும்.

தொலைபேசியை வைக்க முன்னர், "எங்கட அம்மாவும்..." என்று தொடங்கினேன்.

"அக்கா, பிளீஸ். அதை மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ," என்றார் அந்தப் பெண்.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. பத்தொன்பது வரிகளில் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆளை மறைக்க முடியுமா? கனடாவுக்கு வந்து நாலு வருடம் என்று ஒரேயொரு வரிதான் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் வந்து இருபது, முப்பது வருடம். எண்பதுக்குக் கிட்ட, பெண், அஜின்கோர்ட், மகளோடு. வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த அட்டவணையோடு மாரடித்திருந்தும் அந்த வரியை நான் ஒரு வரியாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பிரிப்பதிலேயே நின்றேன். இப்போது பார்த்தேன். செப்டெம்பரில் ஒன்பது. மார்ச்சில் மூன்று.

அந்த ஒன்பதைச் சொன்னபோது நான் பக்கத்திலேதான் இருந்தேன். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, அம்மாவின் தோளில் கை போட்டிருந்தேன். பத்துக் கொடுத்தால் கண்ணூறு பட்டுவிடும், ஒன்பது போடு பிள்ளை என்று அம்மா சமூகப் பணியாளரிடம் சொல்ல, நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நல்ல பகிடி என்று பிறகு வேலைத்தலத்திலும் சொன்னேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அம்மாமேல்தான் கோபம். பத்துக்கு மூன்று என்றால் எங்கள் ஊர்க் கணக்கில் பெயில். நான் என்ன குறை வைத்தேன்? விடிய எழும்பிச் சோறும் கறியும் ஆக்கி, சூடு ஆறாமல் மூடி வைத்துவிட்டுத்தான் போகிறேன். அறை வெப்பத்தைக் கூட்டி வைக்கிறேன். தொலைக்காட்சியில் எல்லாத் தமிழ் அலைவரிசையும் வருகிறது. மருந்து, கண், பல், எல்லாவற்றுக்கும் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு ஓடுகிறேன். அங்கே ஊரில் தனியாக விட மனமில்லாமல், ஆறு வருடம் கடதாசிகளோடு அலைந்து கூப்பிட்டவள் நான். எனக்கா மூன்று?

பிறகு, அந்தப் புள்ளி எனக்கு இல்லை, அது அம்மாவுடைய மனநிலைக்கு என்பது மெதுவாக உறைத்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னர் மற்றப் பிள்ளைகளின் வீட்டுக் கதையை அவ்வளவு கெட்டித்தனமாகக் கண்டுபிடித்தவள், என் வீட்டுக் கதை வந்ததும் அதே பிழையை விட்டேன். கோபம் போன இடத்தில் துக்கம் வந்தது. குசினியில் தாளிக்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை, ரீ ஊத்தட்டே?"

"ஓமம்மா."

தேநீரைக் கொண்டுவந்து, லப்டொப்பில் ஊற்றிவிடாமல் தள்ளி வைத்தார். கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். என் முகத்துக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். உள்ளதைச் சொல்ல நான் இல்லாத இடம் வேண்டும். அந்த இடம் புதன்கிழமை மண்டபத்தின் மூலை மேசை. அது நின்றுவிடக்கூடாது என்று முதல் தரம் எனக்கு வெறியாக வந்தது. அதுவரை அது வேலை, அறிக்கை, செவ்வாய்க்கிழமை. அவ்வளவுதான்.

ஞாயிறு முழுவதும் இருந்து படத்தைத் திருத்தினேன். ஒரு பக்கத்தில் இரண்டு தரமும் தனியாகக் கேட்கப்பட்ட ஐந்து பேர். மறு பக்கத்தில் முதல் தரம் வீட்டார் முன்னால் கேட்கப்பட்ட பதினான்கு பேர். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி எழுத எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. இந்தப் பதினான்கு பேரின் முதல் எண்ணை நம்பமுடியாது, அது பொய் இல்லை, மரியாதை. அதனால் அவர்கள் சரிந்தார்கள் என்றும் சொல்லமுடியாது, ஏறினார்கள் என்றும் சொல்லமுடியாது. மிச்சம் ஐந்து பேரும் ஏறியிருக்கிறார்கள், ஆனால் ஐந்து பேரை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்லமுடியாது. கூட்டம் வெற்றி என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுதவில்லை.

திங்கட்கிழமை மனேஜர் அதை வாசித்தார். மரியாதை என்று எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, தன்னுடைய தாயும் அப்படித்தான் செய்திருப்பார் என்றார். அவருடைய தாய் எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

உதவித்தொகை தருகிறவர்களிடமிருந்து பதில் வர மூன்று கிழமை ஆனது. இந்த வருட முடிவு வரை வான் ஓடலாம், ஆனால் எல்லோரையும் புதிதாக, சரியான முறையில் கேட்டு எண் எடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒபிஸில் எல்லோரும் கை தட்டினார்கள். கீழ்க்கடையிலிருந்து கொத்துரொட்டி வாங்கி வந்தார்கள். நான் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, புதிய முறைக்கு விதிகள் எழுத உட்கார்ந்தேன். முதலாவது விதி: கேட்கும்போது குடும்பத்தவர் யாரும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கக்கூடாது. நானே எழுதி, நானே தட்டச்சு செய்து, மண்டபக் கதவில் நானே ஒட்டினேன்.

அடுத்த புதன்கிழமை நான் மண்டபத்தில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூலை மேசையில் அம்மாவின் முறை வந்தது. அம்மா கதிரையில் இருந்துவிட்டு என் பக்கம் பார்த்து, சபைக்கு ஏற்ற சிரிப்பு ஒன்றைச் சிரித்தார். சமூகப் பணியாளர் பேனையை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா," என்றார். கதவில் நான் ஒட்டிய விதியைக் கண்ணால் காட்டினார்.

"ஓம், ஓம். நான் வெளியில நிக்கிறன்," என்றேன்.

ஜக்கெற் எடுக்காமலே வந்துவிட்டேன். வெளியே வாகனத் தரிப்பிடத்தில் பழைய பனி கறுத்துக் கிடந்தது. காற்று காதை அறுத்தது. கண்ணாடிக் கதவினூடாகப் பார்த்தேன், விதியை எழுதியவளே அதை மீறிக்கொண்டு. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்த அம்மா கதைத்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டி ஆட்டி, கையைத் தூக்கித் தூக்கி, நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நாலு வருடத்தில் எங்கள் வீட்டில் அம்மா இவ்வளவு நேரம் கதைத்து நான் பார்த்ததில்லை. கோபம் வரவில்லை. பொறாமை வந்தது.

பிறகு அந்தப் பெண் ஏதோ கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்தார். கையை உயர்த்தி விரல்களை விரிக்கத் தொடங்கினார். எத்தனை என்று அறிய எனக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. நான் வீதிப் பக்கம் திரும்பி நின்றேன்.